வெயிலிலும் வெள்ளம் வரும்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளி வழியாகப் போயிருக்கிறீர்களா? ஆறு நாளும் இயந்திரங்களோடு போராடிய தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், குடும்பத்தோடு கிளம்பியவர்கள் எல்லோரும் வேனுக்காகக் காத்து நிற்பார்கள். புளிச்சோற்று மூட்டை, தண்ணீர்க் கேன், ஒரு பந்து, மாற்றுத்துணி. “எங்கே பயணம்?” என்று கேட்டால், “ஒகேனக்கல்!” என்று பதில் வரும்.

போய் வாருங்கள், வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், அந்த மூட்டையோடு கொஞ்சம் இயற்பியலையும் கட்டி எடுத்துச் செல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். அது எடையில்லாத மூட்டை. என்றாலும், உயிரைக் காக்க வல்லது.

மழைக்காடு எங்கே? ஆறு எங்கே?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுச் சாலையில் இறங்கினால், ஒகேனக்கல்லில் நாம் இருப்பது சுமார் 250 மீட்டர் உயரத்தில். ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதன்படி 650 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 4 டிகிரி கூட வேண்டும். ஓசூரில் சட்டைக்குமேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறியவர் ஒகேனக்கல்லில் இறங்கியவுடன் தண்ணீரைத் தேடி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழியெங்கும் நீங்கள் காண்பது வறண்ட இலையுதிர்க் காடு. ஆற்றை நெருங்க நெருங்கக் காட்சி மாறுகிறது. நீர்மருது, புங்கு, நாவல், புளி எனக் கரையோரத்தில் மட்டும் அடர்ந்த நிழல். இந்தப் பசுமைக்கு வேண்டிய நீர் முழுவதும் இங்கே பெய்த மழையில் கிடைத்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில், குடகிலும் வயநாட்டிலும் உள்ள மழைக்காடுகளில் பெய்த மழை, காவிரியாகவும் கபினியாகவும் ஓடிவந்து தந்தது அது. குடகு மலையின் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். ஓசூரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெய்வதில்லை. மழைக்காட்டை நாம் தேடிப் போகவில்லை. அதன் தண்ணீர் நம்மைத் தேடி வந்திருக்கிறது.

முதல் ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தலைக்காவிரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் வான்வழித் தொலைவே சுமார் 250 கிலோமீட்டர். அங்கே கொட்டும் மழை இங்கே தெரியாது. நம் தலைக்குமேல் நீலவானம், சுள்ளென்று வெயில். “மழையே இல்லையே, வெள்ளம் எப்படி வரும்?” என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பெருகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், இது அடிக்கடி நிகழ்வது. கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பித் திறந்துவிடப்படும் நீர் ஒன்றிரண்டு நாட்களில் பிலிகுண்டுலுவைக் கடந்து ஒகேனக்கல்லுக்கு வந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆற்றில் மிதக்கும் இலை ஒரு வேகத்தில் போகிறது. ஆனால், நீர்மட்டத்தின் உயர்வு, அதாவது வெள்ள அலை, அந்த இலையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாக முன்னேறுகிறது. பின்னால் வரும் நீர் முன்னால் உள்ள நீரைத் தள்ளி உயர்த்துவதே இதற்குக் காரணம். ஆகவே, அணையில் திறந்த நீர் வந்து சேருமுன்பே அதன் விளைவு வந்து சேர்ந்துவிடுகிறது.

“கன அடி” என்றால் எவ்வளவு?

“ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு 10,000 கன அடி” என்று செய்தித்தாளில் படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். சற்று நின்று கணக்கிடுவோம். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். எடையில் 283 டன். ஓசூரில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, லாரியையே அளவுகோலாகக் கொள்வோம். பத்து டன் பாரம் ஏற்றிய லாரிகள் 28, ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகின்றன!

2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் காவிரியில் நீர்வரத்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடியைத் தொட்டது. அப்படியானால், விநாடிக்கு 560 லாரிகளுக்குமேல். அருவிகள் இருந்த இடமே தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளக்காடு. இத்தகைய நாட்களில் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கிறது. அந்தத் தடைப் பலகைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

நீர்வரத்துக் குறைவாக இருக்கும்போதும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. 100 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள ஓரிடத்தில் ஆறு விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். பார்க்க ஏரிபோல் அமைதி. அதே நீர், பாறைகளுக்கிடையே 10 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் ஆழமும் உள்ள இடுக்கில் புகும்போது என்ன ஆகும்? விநாடிக்கு 50 கன மீட்டர் நீர் எப்படியும் போயாக வேண்டும். ஆகவே, வேகம் விநாடிக்கு 2 மீட்டராக உயர்கிறது. ஒகேனக்கல்லில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பாறை இடுக்குகளில் பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அமைதியான நீருக்கும் ஆளை இழுக்கும் நீருக்கும் இடையே சில அடிகளே இருக்கக்கூடும்.

இடுப்பளவு நீர் என்ன செய்துவிடும்?

“இடுப்பளவு நீர்தானே!” என்ற சொல்லை ஆற்றங்கரையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் இடுப்பளவு நீரில் நிற்கிறார். உடலில் பத்தில் நான்கு பங்கு மூழ்கியிருப்பதாகக் கொண்டால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி நீர் அவரை ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேலே தூக்குகிறது. பாதங்கள் தரையை அழுத்துவது மீதியுள்ள 36 கிலோ எடையோடுதான். பாசி படிந்த பாறையில் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டாலும், அவர் வழுக்காமல் தாங்கக்கூடிய பக்கவாட்டு விசை 11 கிலோ எடை அளவுதான்.

இப்போது ஓடும் நீரின் தள்ளுவிசை. அது நீரின் அடர்த்தி, நீரை எதிர்த்து நிற்கும் பரப்பு, வேகத்தின் இருமடி ஆகியவற்றைப் பொறுத்தது. கால்கள் 90 சென்டிமீட்டர் உயரமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பாக நீரை மறிக்கின்றன என்று கொள்வோம். நீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் எனில், தள்ளுவிசை ஏறத்தாழ 11 கிலோ எடை. வழுக்குவதற்குப் போதுமானது! விநாடிக்கு 1 மீட்டர் என்பது நாம் நிதானமாக நடக்கும் வேகமே.

வேகம் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. அதாவது 45 கிலோ எடை. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 100 கிலோ எடை. பயில்வானாக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. இது உடல் வலிமையையோ துணிச்சலையோ பற்றிய கேள்வியே அன்று. இருமடி விதிக்கு யாரிடமும் தாட்சண்யம் கிடையாது.

கரையிலிருந்தே செய்து பாருங்கள்

வேகத்தை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். கரையோரமாகப் பத்து மீட்டர் தூரத்தை அடி வைத்து அளந்து இரு முனைகளிலும் ஆளுக்கொருவர் நில்லுங்கள். மேல்முனையில் இருப்பவர் ஒரு குச்சியை நீரோட்டத்தில் எறியட்டும். அது கீழ்முனையைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 20 விநாடி ஆனால் வேகம் அரை மீட்டர். 10 விநாடிக்குள் கடந்துவிட்டால் வேகம் ஒரு மீட்டருக்குமேல். அந்த நீரில் காலை வைக்காதீர்கள்.

அதே குச்சியால் இன்னொரு சோதனையும் செய்யலாம். நீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, கல்லை அண்டை கொடுத்து வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நீர்மட்டம் குச்சியில் ஏறியிருந்தாலோ, தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ ஆற்றைவிட்டு எல்லோரும் மேடேற வேண்டும். சாமான்களை எடுக்கத் திரும்பக் கூடாது.

கண் சொல்லும் பொய்

ஒருமுறை மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். பாறைமேல் நின்ற ஒரு மாணவன் தெளிந்த நீரைக் காட்டி, “முழங்காலுக்குச் சற்றுமேல்தான் சார் வரும்” என்றான். ஒரு மூங்கில் கழியை விட்டுப் பார்த்தோம். அவன் இடுப்பைத் தாண்டியது! ஒளிவிலகலைப் பற்றித் தேர்வில் நன்றாக எழுதியவன்தான் அவன். புத்தகத்தில் இருந்த ஒளிவிலகலை ஆற்றில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவே.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்த்தாலே ஆழம் நான்கில் மூன்று பங்காகத்தான் தோன்றும். ஆறடிப் பள்ளம் நான்கரை அடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். கரையில் நிற்கும் நாம் எப்போதும் சாய்வாகத்தானே பார்க்கிறோம்? பாறைப் படுகையில் கூழாங்கற்கள் சுழலில் சிக்கி ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றிக் குடைந்த பானை போன்ற குழிகளும் இருக்கும். ஓர் அடி முழங்காலளவு. அடுத்த அடி ஆளை விழுங்கும்.

அருவியின் அடியில்

ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் கல். புகையும் கல்! அருவி பாறையில் மோதிச் சிதறும்போது எழும் நுண்துளிகளே அந்தப் புகை. சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு பாருங்கள், வானவில் தெரியும்.

இந்த அழகின் அடியிலும் ஓர் ஆபத்து உண்டு. அருவி விழும் இடத்தில் நீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருப்பது ஏன்? காற்றுக்குமிழிகள் கலந்திருப்பதால். நீரில் ஐந்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தால் அதன் அடர்த்தி 0.8 ஆகிவிடும். மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ 0.98. சாதாரண நீரில் மிதக்கக்கூடிய 60 கிலோ மனிதர் இந்த நுரைநீரில் 11 கிலோ எடையுள்ள கல்லைப்போல் கீழே போவார். நீச்சல் தெரிந்தவரின் கையும் காலும் அங்கே நீரைத் தள்ளுவதற்குப் பதில் நுரையைத் தள்ளுகின்றன. அதோடு, விழும் நீர் அடியில் சென்று, மேலெழுந்து, மறுபடியும் அருவியை நோக்கியே திரும்பிச் சுழல்கிறது. அகப்பட்டவரை அது வெளியே விடாது. குளிப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பரிசலின் இரகசியம்

மூங்கிலை வளைத்துப் பின்னிய வட்டக்கூடை. முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். இதுதான் பரிசல். முன்புறமும் பின்புறமும் இல்லாத இந்த ஓடம் பாறைகள் நிறைந்த ஆற்றில் எப்படிச் சமாளிக்கிறது?

குறுக்களவு 2 மீட்டர் எனக் கொண்டால் அடிப்பரப்பு 3.14 சதுர மீட்டர். ஓட்டுநரோடு ஐந்து பேர், பரிசலின் எடை எல்லாம் சேர்த்து 360 கிலோ என்றால், அது நீருக்குள் அமிழ்வது 11 அல்லது 12 சென்டிமீட்டர் மட்டுமே. ஆகவே, பெரிய படகுகள் தட்டி நிற்கும் பாறைகளுக்கு மேலாக இது வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒருபக்கம் சற்றுச் சாய்ந்தால், அந்தப் பக்கம் அதிக நீர் விலக்கப்பட்டு மிதப்பு விசை அங்கே நகர்கிறது. பரிசலை மீண்டும் நிமிர்த்துகிறது. அகலம் அதிகம் என்பதால் இந்த நிமிர்த்தும் ஆற்றலும் அதிகம்.

ஆனால், இதற்கு எல்லை உண்டு. எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயர்கிறது. படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு நீருக்குள் போகிறது. பிறகு ஆர்க்கிமிடீஸாலும் காப்பாற்ற முடியாது! கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் பரிசலை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அமிழ்த்துகிறார். “இன்னும் ஒருவர்தானே” என்று ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள்.

மிதவைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோரைப் பார்க்கிறோம். “இந்தச் சின்னச் சட்டையா என் எடையைத் தாங்கும்?” என்பது அவர்கள் சந்தேகம். முழு எடையை அது தாங்க வேண்டியதே இல்லை. உடலை நீரே தாங்கிக்கொள்கிறது. நீருக்குமேல் நிற்க வேண்டிய தலையின் எடை 4, 5 கிலோதான். 7 கிலோ எடையைத் தூக்கும் சட்டை போதும். ஆனால், அது உடம்பில் இருக்க வேண்டும். வார்களைக் கட்டியிருக்க வேண்டும்.

ஒரு மாலைப் பொழுதின் பாடம்

2014 ஜூன் 8. இமாசலப் பிரதேசத்தில் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி நீர்மின் அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. சில நிமிடங்களில் பாறைகளைச் சுற்றி நீர் உயர்ந்தது. 24 மாணவர்களும் சுற்றுலா வழிகாட்டி ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

நம் பக்கத்திலும் நிகழ்ந்ததுண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று.

நீரோட்டத்தின் விதிகளைப் பாடமாகப் படித்திருக்கக்கூடிய பிள்ளைகள் இவர்கள். ஆற்றுக்கு நடுவே பாறைமேல் நிற்பவருக்குக் கரைக்கும் தமக்கும் இடையே ஓடும் நீர் எவ்வளவு விரைவில் கடக்க முடியாததாகும் என்பதை யாராவது ஒருவர் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த எண்ணம்தான்.

யாராவது அகப்பட்டால்?

உடனே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது அடிக்கடி நிகழ்கிறது. கழியை நீட்டுங்கள், வேட்டியையோ சேலையையோ முறுக்கி எறியுங்கள். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலிக் கேன் ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தூக்கும். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 19 கிலோவை! அதில் ஒரு கயிற்றைக் கட்டி எறிந்தால் அதுவே உயிர்மிதவை. இனிச் சுற்றுலா மூட்டையில் 15 மீட்டர் கயிறு ஒன்றும் இருக்கட்டும்.

நீங்களே அகப்பட்டால், வேகநீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறையிடுக்கில் சிக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை நீரோட்டத் திசையில் முன்னால் நீட்டி, கைகளைத் துடுப்பாக்கிச் சாய்வாகக் கரையை நோக்கிப் போங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அழுத்தி நேரத்தைப் போக்காதீர்கள். ஒருவர் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, மார்பை அழுத்தத் தொடங்க, மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

தங்க நினைப்போருக்கு

ஆற்று மணலில் கூடாரம் அடித்துத் தங்குவது இனிமையாகத் தோன்றும். ஆனால், இந்தக் கரைகளில் பெரும்பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்திலும், 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயத்திலும் அடங்குவது. யானை, முதலை, நீர்நாய், நரை அணில் ஆகியவற்றின் வீடு அது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே தங்கக் கூடாது; மாலையில் யானைகள் நீருக்கு இறங்கும் வழியில் நாம் அடுப்பு மூட்டவும் கூடாது. எந்த ஆற்றங்கரையில் தங்கினாலும் முதலில் மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். சென்ற வெள்ளத்தின் சருகும் கந்தலும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றனவோ, அதற்கும் மேலேதான் படுக்கை.

இன்னும் ஒரு செய்தி. நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்துவந்ததால், 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. ஓசூர்க் குழாய்களுக்கு வரும் நீரில் அந்தக் காவிரியும் இருக்கிறது. ஞாயிறன்று நாம் ஆற்றில் எறிவது, திங்களன்று நாம் குடிக்கும் ஆற்றில்தான் கலக்கிறது.

அடுத்த ஞாயிறு வேன் புறப்படுமுன், அன்றைய நீர்வரத்து எத்தனை கன அடி என்று செய்தித்தாளைப் பாருங்கள். அதை 28-ஆல் பெருக்கிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுங்கள். விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று கேட்டதும் அவரும் ஆற்றைச் சற்று மரியாதையோடு பார்ப்பார்.